நாடித்துடிப்பு அறுபத்திரண்டு

எனக்கு மூக்கு நுனியில் கோபம். இதை நான் யாரிடமும் மறைத்ததில்லை. குடிநீர் அலுவலகத்தில் புகார் கேட்கும் மேசையில் பதினாறு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். தண்ணீர் வராதவர்கள் ஃபோனில் என்னைத் திட்டுவார்கள், நான் திருப்பித் திட்டுவேன், இரண்டு பக்கமும் மனசு லேசாகிவிடும். தண்ணீர் மட்டும் வராது. வீட்டில் என் கணவர் எனக்கு வைத்த பெயர் 'குக்கர்'. "மூணாவது விசில் வந்துடுச்சு" என்று சொல்லிவிட்டு எழுந்து பால்கனிக்குப் போய்விடுவார். அந்தப் பெயர் எப்படியோ துப்பாக்கி சுடும் கிளப்புக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

கோபக்காரிக்குத் துப்பாக்கி எதற்கு என்று கேட்கலாம். எல்லோரும் கேட்டார்கள். அலுவலகத்துக்குப் பின்னாலேயே கிளப் இருந்தது. ஒரு விளையாட்டு தினத்தன்று கேலியாக என் கையில் துப்பாக்கியைக் கொடுத்தார்கள். ஐந்து தோட்டாவில் நாலு கருப்பு வட்டத்துக்குள் விழுந்தது. எனக்குக் கோபம் வந்தால் வாய்தான் நிற்காது, கை ஆடாது. பன்னிரண்டு வருடமாகப் பாயில் குப்புறப் படுத்து, ஐம்பது மீட்டர் தள்ளி இருக்கும் தாளைச் சுட்டுக்கொண்டிருக்கிறேன்.

இந்த வருடம் தேசிய அணிக்கு எங்கள் பிரிவில் ஒரே ஓர் இடம். என் வயது நாற்பத்தொன்று. என் கணவர் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர், என் வலது கண்ணை என்னைவிட நன்றாக அறிந்தவர். ஜனவரியில் என் கண்ணைச் சோதித்துவிட்டு விளக்கை அணைத்தார்.

"இன்னும் ஒரு வருஷம் தாங்கும். அதுக்கு மேல நான் என்ன கண்ணாடி போட்டாலும் வேலைக்காகாது."

ஆக இதுதான் என் கடைசி வாய்ப்பு. அது எனக்கும் தெரியும், கோச்சுக்கும் தெரியும்.

எங்கள் கோச் நகத்தைக் கடிப்பவர். பத்து விரலிலும் கடிக்க ஒன்றும் மிச்சமில்லாமல், பேனா மூடியைக் கடிக்கும் நிலைக்கு வந்துவிட்டவர். அவர்தான் எனக்கு மன அமைதியைக் கற்றுத்தரப் புறப்பட்டார். காரணம் பளிங்கு.

பளிங்கு என்பது கிளப் வைத்த பெயர்; ஆள் ஒரு வங்கி அதிகாரி. எனக்குப் பக்கத்துப் பாயில் படுத்துச் சுடுபவள், மூன்று வருடமாக எல்லாப் போட்டியிலும் முதலாவதாக வருபவள். முகத்தில் ஈ உட்கார்ந்தாலும் அது தானாகப் பறக்கும்வரை காத்திருப்பாள். ஒரு தோட்டாவுக்கும் அடுத்த தோட்டாவுக்கும் நடுவே கண்ணை மூடி, மனசை முழுக்கத் துடைத்துவிடுவாளாம். இதைப் பற்றிப் பள்ளிக்கூடங்களில் பேசவும் செய்கிறாள். ஒரு முறை நானும் போய்க் கேட்டேன். கொட்டாவியைக்கூட மரியாதையாகத்தான் விட வேண்டியிருந்தது.

"பளிங்குக்கு என்ன இருக்கு, உனக்கு என்ன இல்ல?" என்றார் கோச். "அவளுக்கு நாடி அறுபதுல ஓடுது. உனக்கு நூறு. அவ்ளோதான் வித்தியாசம்."

"அவளுக்குச் சம்பளமும் ரெண்டு மடங்கு சார்."

"பாத்தியா, இந்த வாயிதான்."

அன்றிலிருந்து மூன்று மருந்து. ஒன்று மூச்சு: நாலு எண்ணி உள்ளே, இரண்டு எண்ணி நிறுத்தி, ஆறு எண்ணி வெளியே. இரண்டாவது, விரலில் மாட்டி நாடித்துடிப்பைக் காட்டும் ஒரு கிளிப். மூன்றாவது ஒரு நோட்டு. சுட்டதும் தொலைநோக்கியில் பார்ப்பதற்கு முன்பே, தோட்டா எங்கே போனது என்று நாங்கள் கணித்துவிட வேண்டும். விசையை அழுத்திய நொடியில் துப்பாக்கி எங்கே நின்றது என்று கண்ணுக்குத் தெரியும். நல்ல ஆள் என்றால் கணிப்பு தப்பாது. நான் இதை எப்போதும் வாய்விட்டே சொல்வேன், பக்கத்துப் பாய்க்காரர்கள் கண்டபடி திட்டுவார்கள். இனிமேல் வாயைத் திறக்காமல் நோட்டில் எழுத வேண்டும் என்றார் கோச். "பத்து, நடு" என்றோ "ஒன்பது, மேல்" என்றோ பென்சிலால் ஒரு வரி. பன்னிரண்டு வருடத்தில் என் கணிப்பு தப்பியது கைவிரல் எண்ணிக்கைதான். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. பின்னால் தேவைப்படும்.

மூன்று மாதம் அமைதியாக இருந்து பார்த்தேன். வீடுதான் பாவம். என் கணவருக்கு ஒரு பழக்கம் உண்டு, குளித்துவிட்டு ஈரத் துண்டைக் கட்டிலில் போடுவார். கல்யாணமான நாளிலிருந்து எங்கள் காலை அந்தத் துண்டில்தான் ஆரம்பிக்கும். இப்போது நான் துண்டைப் பார்ப்பேன், நாலு எண்ணுவேன், இரண்டு எண்ணுவேன், ஆறு எண்ணுவேன். அவர் கதவோரம் நின்று என்னையே பார்ப்பார்.

"ஏதாவது சொல்லிடேன். நீ கத்தினா தேவல."

"நான் அமைதியா இருக்கேன்" என்பேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

அலுவலகத்திலும் இதே கதைதான். ஃபோனில் ஒரு பெரியவர் அரை மணி நேரம் திட்டினார். நான் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன். கடைசியில் அவர் குரல் மாறியது. "ஏம்மா, லைன்ல இருக்கியா, உடம்புக்கு எதுவும் ஆயிடலையே?" என்று கேட்டார். கிளிப் மட்டும் அசையவில்லை, தொண்ணூற்றெட்டு காட்டியது. அடக்கிய கோபமும் கோபம்தான் என்று அந்தப் பிளாஸ்டிக்குக்குத் தெரிந்திருந்தது. கோச்சுக்குத் தெரியவில்லை.

தேர்வுப் போட்டி நாள் வந்தது. பழைய சுடுதளம், தகரக் கூரை. எதிரே ஐம்பது மீட்டரில் வரிசையாகத் தாள்கள், ஒவ்வொன்றின் தலையிலும் ஓர் எண் பலகை. பளிங்கு ஆறாம் எண், நான் ஏழு. எனக்கு அந்தப் பக்கம் எட்டாம் எண்ணில் மூணாவது அக்கா.

மூணாவது அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் வேலை செய்கிறவர், வயது நாற்பத்தாறு. பெரிய இஸ்திரி இயந்திரத்தில் போர்வைகளைத் தள்ளித் தள்ளி முன்கை இரண்டிலும் சூடு பட்ட கோடுகள். எந்தப் போட்டியானாலும் மூன்றாவதாக வருவார். அதனால் அந்தப் பெயர்; கூப்பிட்டால் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பார். மேடையில் மூன்றாம் படி அவருக்குப் பட்டா போட்டுக் கொடுத்தது என்று நானே கேலி செய்திருக்கிறேன்.

கடைசிச் சுற்று பத்துத் தோட்டா. ஒவ்வொரு தோட்டாவுக்கும் புதுத் தாள், ஒவ்வொன்றுக்கும் நடுவரின் கட்டளை. ஒன்பது முடிந்தபோது பளிங்கு எண்பத்தொன்பது, நான் எண்பத்தேழு, மூணாவது அக்கா எண்பத்தாறு. மற்றவர்கள் எங்கேயோ பின்னால். பளிங்கு தூங்கிக்கொண்டே சுட்டாலும் இடம் அவளுக்குத்தான். கிட்டத்தட்ட அதைத்தான் அவள் செய்தாள்.

பத்தாவது தோட்டாவை ஏற்றினேன். நாலு, இரண்டு, ஆறு. இனி ஜெயிக்க வழியில்லை என்றதாலோ என்னவோ, உடம்பு தளர்ந்தது. துப்பாக்கி பாறை மேல் வைத்தது போல நின்றது. அப்போது மனசுக்குள் ஒரு குரல்: 'அட, நான் அமைதியாக இருக்கிறேன்.' அந்த சந்தோஷத்தில் நெஞ்சு ஒரு குதி குதித்தது, விரல் விசையை அழுத்திவிட்டது. துப்பாக்கி எங்கே நின்றது என்று பளிச்சென்று பார்த்தேன். பென்சிலை எடுத்து எழுதினேன்: 'எட்டு, வலது கீழ்.' மூன்று மாதமாகத் தவம் கிடந்து வரவழைத்த அமைதி, வந்த வேகத்தில் என் இரண்டு புள்ளியைத் தின்றுவிட்டுப் போனது.

பிறகு தொலைநோக்கியில் பார்த்தேன். என் தாளில் இரண்டு ஓட்டைகள் இருந்தன. ஒன்று வலது கீழே, எட்டில். இன்னொன்று நட்ட நடுவில், காம்பஸ் வைத்துக் குத்தியது போலப் பத்து.

ஆறாம் எண்ணின் தாள் வெள்ளையாக, கன்னி கழியாமல் தொங்கிக்கொண்டிருந்தது. பளிங்கு மனசைத் துடைத்தாளே, அந்தத் துடைப்பில் தன் எண்ணையும் சேர்த்துத் துடைத்துவிட்டாள். அப்பழுக்கில்லாத அமைதியோடு, அப்பழுக்கில்லாத பத்தை என் தாளில் போட்டிருந்தாள். நாங்கள் இருவரும் ஏறக்குறைய ஒரே நொடியில் சுட்டிருந்தோம். எது யாருடையது என்று பின்னால் நின்ற யாருக்கும் தெரியாது.

மூன்று நடுவர்கள் வந்தார்கள், விதிப் புத்தகமும் வந்தது. விதி எளிமையானது. அடுத்தவர் தாளில் சுட்டவருக்குப் பூஜ்யம். இரண்டு ஓட்டையில் எது யாருடையது என்று முடிவு செய்ய முடியாவிட்டால், தாளுக்குச் சொந்தக்காரருக்கு இரண்டில் பெரியது.

எட்டாம் எண்ணில் மூணாவது அக்கா தன் பத்தாவது தோட்டாவைச் சுட்டு முடித்திருந்தார். பத்து. மொத்தம் தொண்ணூற்றாறு. எனக்கு எட்டு என்றால் தொண்ணூற்றைந்து, பத்து என்றால் தொண்ணூற்றேழு. கணக்கு எனக்கு எப்போதும் வராது. அன்றைக்கு மட்டும் கண்ணிமைக்கும் நேரத்தில் வந்தது.

"நடுவுல இருக்கறது என்னோடது" என்றாள் பளிங்கு. "எனக்குத் தெரியும்."

தலைமை நடுவர் என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. உங்க தோட்டா எங்க போச்சுன்னு சொல்ல முடியுமா?"

நோட்டு என் முழங்கைக்குக் கீழே திறந்து கிடந்தது. நான் அதை மூடினேன். பிறந்ததிலிருந்து ஒரு வார்த்தையை வாய்க்குள் நிறுத்தத் தெரியாதவள் நான். கல்யாணத்தன்று மாமியாரிடமே, புடவை நிறம் சகிக்கவில்லை என்று சொன்னவள்.

"சொல்லத் தெரியலைங்க" என்றேன்.

குரல் பிசிறவில்லை. பளிங்கு என் மூடிய நோட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அப்புறம் நடந்ததைத்தான் கிளப்பில் இன்னும் பேசுகிறார்கள். காதடைப்பானைக் கழற்றித் தரையில் அடித்தாள், தொலைநோக்கியின் காலை எட்டி உதைத்தாள், "பொய் சொல்றா, இவ பொய் சொல்றா" என்று கூரைத் தகரம் அதிரக் கத்தினாள். நான் நின்ற இடத்தில் நின்றேன். நடுவர்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். ஒருத்தி ஆடுகிறாள், ஒருத்தி அசையாமல் நிற்கிறாள். யாரை நம்புவார்கள்? அமைதியாக இருப்பவர்கள் உண்மைதான் சொல்வார்கள் என்று பளிங்கே எத்தனை பள்ளிக்கூடத்தில் பேசியிருக்கிறாள்.

எனக்குப் பத்து கொடுத்தார்கள். மூணாவது அக்கா இரண்டாவதாக வந்தார், வாழ்க்கையில் முதல் தடவை. என்னைக் கட்டிப்பிடித்து வாழ்த்துச் சொன்னார். அவர் கையில் சலவைச் சோப்பு வாசனை.

கோச் ஓடி வந்து, என் விரலைப் பிடித்துக் கிளிப்பை மாட்டினார். அறுபத்திரண்டு. அவர் கண் கலங்கிவிட்டது.

"இப்பதாம்மா நீ ஆளாயிருக்க. நோட்டுல என்ன எழுதின?"

"எழுத நேரமில்ல சார்."

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். என் நெஞ்சு அறுபத்திரண்டில் ஓடிக்கொண்டிருந்தது.

அதற்கப்புறம் எனக்குக் கோபமே வரவில்லை. நம்புவது கஷ்டம், எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. துண்டு கட்டிலில் கிடக்கும், எடுத்துக் காயப்போடுவேன், மூச்சு எண்ணவே வேண்டியிருக்கவில்லை. என் கணவர் பயந்துபோய், வேண்டுமென்றே இரண்டு துண்டைப் போட்டுப் பார்த்தார். இரண்டையும் காயப்போட்டேன். அலுவலகத்தில், குழாயில் சேறு வருகிறது என்று ஒருவர் கத்தினார். "உங்க பக்கம் நியாயம் இருக்குங்க" என்றேன். பக்கத்து மேசைக்காரர் தன் நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

இது அமைதி இல்லை என்று எனக்குத் தெரிய இரண்டு வாரமாயிற்று. கோபப்படுவதற்கு ஒரு யோக்கியதை வேண்டும். அடுத்தவர் செய்தது தப்பு என்று கத்த வேண்டுமானால், நான் சரியான பக்கத்தில் நிற்க வேண்டும். துண்டைப் பார்த்துக் கத்த வாயெடுத்தால் ஏழாம் எண் தாள் கண்முன் வந்து தொங்கும், வாய் மூடிக்கொள்ளும். நோட்டின் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடலாம் என்று நாலைந்து தடவை எடுத்தேன். கிழிக்க முடியவில்லை. வீட்டில் வைக்கவும் முடியவில்லை, போகிற இடத்துக்கெல்லாம் கைப்பையில் தூக்கிக்கொண்டு அலைந்தேன்.

மூன்றாவது வாரம் சனிக்கிழமை, கிளப்பில் என்னைப் பேசச் சொன்னார்கள். தலைப்பு கோச் வைத்தது: 'அமைதியே ஆயுதம்.' திங்கட்கிழமை கிளப் செயலாளர் அணிப் பட்டியலைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்புகிறார், அதற்கு முன்னால் ஒரு பாராட்டு மாதிரி. முப்பது நாற்காலி போட்டிருந்தார்கள், நிறைந்துவிட்டது. பளிங்கு வரவில்லை. அவள் கிளப்புக்கு வந்தே மூன்று வாரமாகிறது. நிதானமில்லாதவள் என்று அவளைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். நான் நாலு, இரண்டு, ஆறு பற்றிப் பேசினேன். கை தட்டினார்கள். கோச் பேனா மூடியைக் கடித்தபடி தலையாட்டினார்.

எல்லோரும் போன பிறகு மூணாவது அக்கா வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். வேலை முடிந்து நேராக வந்திருந்தார், சீருடையைக்கூட மாற்றவில்லை. கையில் புதிதாக வாங்கிய ஒரு நோட்டு.

"அந்த மூச்ச இன்னொரு தடவ சொல்லும்மா. பின்னாடி உக்காந்திருந்தேன், சரியா கேக்கல."

சொன்னேன். எழுதிக்கொண்டார். கண்ணை மூடி, விரலை மடக்கி மடக்கி, ஒரு தடவை செய்து பார்த்தார்.

"எனக்கு ஒரு புள்ளிதான்மா கொறஞ்சுது" என்றார் கண்ணைத் திறந்து. "ஒன்பதாவது தோட்டா. என் தப்புதான், அவசரப்பட்டுட்டேன். அடுத்த வருஷம் நைட் டியூட்டிக்கு மாத்திடுவாங்க, பிராக்டிஸுக்கு வர முடியாது. இருந்தாலும் தெரிஞ்சு வச்சுக்கலாம்னு வந்தேன். அந்த ஜட்ஜ் கேட்டப்ப எப்படிம்மா அவ்ளோ அமைதியா நின்ன? நானா இருந்தா மயக்கம் போட்டு விழுந்திருப்பேன்."

எனக்குக் கோபம் வந்தது.

மூன்று வாரமாக வராதது, வயிற்றிலிருந்து கிளம்பித் தொண்டைக்கு வந்தது. இந்த மனுஷிக்கு ஏன் கோபம் வரவில்லை? அடுத்தவர் தாளில் நடந்த கூத்தில் தன் இடம் போனதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, ஒரு சந்தேகம் இல்லை, நோட்டு வாங்கிக்கொண்டு பாடம் படிக்க வந்திருக்கிறார்.

"உங்களுக்குக் கோபமே வராதாக்கா?" என்று கத்தினேன். காலி நாற்காலிகளுக்கு நடுவே என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. "ஒரு புள்ளி, அக்கா. ஒரே ஒரு புள்ளில போச்சு. யார் மேலயாவது கோபப்பட வேண்டாமா?"

அவர் அரண்டுபோனார். "யாரு மேல கோவப்படறது? நீ நல்லா சுட்ட, ஜெயிச்ச."

கைப்பையைத் திறந்து, என் நோட்டை எடுத்து அவர் மடியில் போட்டேன்.

"கடைசிப் பக்கம். பாருங்க."

அவர் முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தார். அந்த அக்காவுக்கு எதையும் நடுவில் திறந்து பழக்கமில்லை. ஒவ்வொரு பக்கமாக, வரிவரியாக விரல் வைத்துப் படித்தார். என் நெஞ்சு அடித்த அடி எனக்குக் காதில் கேட்டது. கிளிப் மாட்டியிருந்தால் நூற்று முப்பது காட்டியிருக்கும். உள்ளங்கை வேர்த்தது. அப்பாடா என்றிருந்தது.

கடைசிப் பக்கத்துக்கு வந்தார். பத்தாவது வரியில் விரல் நின்றது.

"இது எந்தத் தாளும்மா?"

"ஏழாம் நம்பர். கடைசித் தோட்டா. எட்டுதான் என்னோடது. பத்து பளிங்கோடது. அப்பவே எனக்குத் தெரியும்."

அவர் வரியை இன்னொரு முறை படித்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்த வேண்டும் என்று ஆசைப்பட்டேன், ஓர் அறை விட்டால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. நோட்டை மூடி, இரண்டு கையாலும் மடியில் பிடித்துக்கொண்டார். கண்ணை மூடினார். நாலு எண்ணி உள்ளே இழுத்தார். இரண்டு எண்ணி நிறுத்தினார். ஆறு எண்ணி வெளியே விட்டார். நான் சொல்லிக்கொடுத்தபடியே, ஒரு எண் பிசகாமல்.

பிறகு எழுந்து, சீருடையை நீவிவிட்டுக்கொண்டு, என் நோட்டோடு செயலாளர் அறையை நோக்கி நடந்தார். கதவை இரண்டு முறை தட்டிவிட்டு, உள்ளேயிருந்து குரல் வரும்வரை காத்திருந்து, போனார்.